ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

பேராதனை
25.10.1966

அன்புள்ள மாமி,

நாளை மறுநாள் மட்டக்களப்பு ஸ்ரேசனுக்கு ஒரு மரப்பெட்டி வரும். தயவுசெய்து நீங்களே போய் எடுத்து, நீங்களே திறவுங்கள். வைக்கோலுக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அடி பருத்து ஈயக்குண்டுகள், மேலே மெல்லிய கழுத்து, கழுத்தில் கோடுகள். ஐதரோமீற்றர். தண்ணீரில் விட்டால் நிமிர்ந்து மிதக்கும். உப்புக் கூடக்கூட உயர எழும்பும். ஆற்றுத் தண்ணீரில் சைபர் காட்டும், கடலில் இருபத்தைந்து. ஆய்வுகூடத்தில் கையெழுத்து வைத்து வாங்கியது. அது உடைந்தால் நானும் உடைந்தேன்.

விடுமுறையில் அரைகுறையாகச் சொன்னதை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். மாரியில் வெள்ளம் வந்ததும் நம்முடைய வாவி இரண்டு, இரண்டரை மாதத்துக்கு நல்ல தண்ணீராகிவிடுகிறது. மட்டியோ உப்புத் தண்ணீர்ப் பிராணி. இங்கே தொட்டியில் நல்ல தண்ணீருக்குள் போட்டேன், ஒன்பதாம் நாள் எல்லாம் செத்துப்போயின. ஆனால் பங்குனியில் ஹமீட் காக்கா சுண்ணாம்புச் சூளைக்காரருக்குச் சாக்குச் சாக்காக உயிர் மட்டி அள்ளிக் கொடுக்கிறாரே, அது எப்படி? ஓட்டை இறுக மூடிக்கொண்டு கிடக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. இரண்டரை மாதமா? அந்த நாட்களில் வாவித் தண்ணீரை நாள்தோறும் அளந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

எங்கள் மாணவர் விஞ்ஞானச் சங்கம் வருடம் ஒரு சஞ்சிகை அச்சிடுகிறது. புத்தகத்தைப் பார்த்து எழுதியதற்கு அதில் இடமில்லை. மாணவர் தாமே புதிதாகக் கண்டதாக இருக்க வேண்டும். மூன்று விரிவுரையாளர்கள் வாசித்து, குடைந்து, ஓம் என்றால்தான் அச்சு. போன வருடம் பதினாறு பேர் கொடுத்தார்கள், நாலு வந்தது. ஆராய்ச்சி உதவியாளராக அந்த நாலு பேரில் ஒருவரைத்தான் எடுத்தார்கள். இதில் என் கட்டுரை வராவிட்டால் அப்பா சொல்கிறபடி படிப்பு முடிந்ததும் ஊருக்கு வந்து ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர வேண்டியதுதான். உங்கள் ரீச்சர் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை மாமி.

ஹமீட் காக்கா நட்ட கம்பு தெரியும்தானே. அந்த இடம். தினமும் காலை ஆறரை மணி. முழங்கை நனையும் ஆழத்தில் போத்தலை நிரப்புங்கள். ஒரு நாள்கூட விடக்கூடாது. எடுப்பது நீங்களாகவே இருக்க வேண்டும். ஆள் மாறினால் அளவும் மாறும் என்று என் ஆய்வைப் பார்க்கும் கலாநிதி வல்லிபுரம் ஓயாமல் சொல்லுவார்.

கோயிலுக்குப் போகிறாயா என்று பதிலில் கேட்க வேண்டாம். விடுமுறையில் சண்டை பிடித்தது போதும்.

அன்புடன்,
பீற்றிஸ்


கல்லடி
15.11.1966

அன்பு மகள் பீற்றிஸுக்கு,

குழாய் உடையாமல் வந்தது. ஸ்ரேசன் கிளாக்கர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன ரீச்சர், சாராயம் அளக்கிற சாமானெல்லாம் உங்களுக்கு வருது?” என்று கேட்டார். வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படிதான் கேட்டார். உப்பு அளக்க என்றேன். அவர் நம்பவில்லை.

முதலாம் தேதி தொடங்கினேன். ஹமீட் காக்காவின் தோணியில் ஏறி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போத்தலை நிரப்பிக் குழாயை இறக்கியதும் அவர், “உப்பக் காசு குடுத்து வாங்கிற ஆக்களக் கண்டிருக்கன் ரீச்சர். உப்பு எவ்வளவு எண்டு கேக்கிற ஆள இப்பதான் காணுறன்” என்றார்.

பதினாறு காட்டியது. எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன் மகள். இருபது வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒவ்வொரு கணக்குக்கும் விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. இந்தப் பதினாறுக்கு விடைப் பக்கம் இல்லை. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒன்று அந்த நிமிடம் எனக்கும் ஹமீட் காக்காவுக்கும் மட்டும் தெரிந்திருந்தது. கொலிஜில் விஞ்ஞானம் படித்த இரண்டு வருடத்தில் இந்த உணர்ச்சி ஒரு நாளும் வந்ததில்லை. பிறகு உன் பாட்டனார் சுகமில்லாமல் போக என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அது பழைய கதை.

எட்டாம் தேதி தொடக்கம் வெள்ளம். கரடியனாற்றுப் பக்கமிருந்து மரக்கொப்பும் வைக்கோலும் மிதந்து வருகின்றன. தண்ணீர் தேத்தண்ணி நிறம். பதினாறு பத்தாகி, ஆறாகி, இப்போது மூன்றில் நிற்கிறது. இரண்டு வாரக் கணக்கையும் நோட்டிலிருந்து அப்படியே பிரதிபண்ணி இதோடு வைத்திருக்கிறேன்.

சண்டைக்கு எழுதவில்லை, செய்தியாக எழுதுகிறேன். அரசாங்கம் வார லீவை ஞாயிறிலிருந்து பௌத்தரின் போயா நாளுக்கு மாற்றியதிலிருந்து ஞாயிறும் பள்ளிக்கூட நாளாகிவிட்டதே, அதனால் நம்முடைய ஞாயிறு ஆராதனையைக் காலை ஆறு மணிக்கு வைத்துவிட்டார்கள். கடைசிப் பாட்டு முடியுமுன்னே பாதிப் பேர் செருப்பைத் தேடுகிறார்கள். நானும் அதில் ஒருத்தி.

சாப்பிடு. இருமல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடி.

உன் மாமி,
ஞானமலர்


பேராதனை
22.12.1966

மாமி, மாமி!

உங்களுக்கு இதை நேரில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. கடிதம் போதாது.

நீங்கள் அனுப்பிய ஏழு வாரக் கணக்கையும் வரைபுத்தாளில் குறித்தேன். வெள்ளம் வந்த பிறகு கோடு அடியோடு அடியாகப் போகிறது. இரண்டு, மூன்று, இரண்டு. திடீரென்று ஒரு நாள் பதினேழு! அடுத்த நாள் திரும்ப மூன்று. முதலில் நீங்கள் பிழையாக எழுதிவிட்டீர்கள் என்று நினைத்தேன். மன்னியுங்கள். ஒரு வாரம் போக மறுபடியும் பதினெட்டு. மறுபடியும். மறுபடியும். ஒரு வரிசையில் நட்ட தென்னைபோல ஒரே இடைவெளியில் நிமிர்ந்து நிற்கின்றன.

விடுதிச் சுவரில் போயாக் கலண்டர் தொங்குகிறது. சும்மா கண் அதில் போனது. எழும்பிப் போய் என் தாளை அதற்குப் பக்கத்தில் பிடித்தேன். அமாவாசை, அரைச் சந்திரன், பௌர்ணமி, மறுபடி அரைச் சந்திரன், மாதம் நாலு போயா. ஒவ்வொரு போயாவுக்கும் ஒரு தென்னை! ஒரு நாள் முந்திப் பிந்தி இருக்கலாம், அவ்வளவுதான். மாமி, சந்திரன் நம்முடைய வாவிக்குள் கைவிட்டுக் கலக்குகிறது. வாரம் ஒரு நாள் கடல் உள்ளே வருகிறது, மட்டி வாய் திறக்கிறது, சாப்பிடுகிறது, அடுத்த போயா வரைக்கும் மூடிக்கொள்கிறது.

கலாநிதி வல்லிபுரம் தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் ஏறுவது சரி, அரைச் சந்திரனில் ஏன் ஏற வேண்டும் என்று கேட்டார். காரணம் எனக்குத் தெரியாது சேர், ஆனால் அளவு அளவுதானே என்றேன். சிரித்துவிட்டு, “எழுதுங்க” என்றார்.

ஜனவரி பத்தாம் தேதி கடைசி நாள். ஒரே ஒரு விஷயம் உங்களிடமிருந்து வேண்டும். கட்டுரையில் “எல்லா மாதிரிகளும் ஒரே அவதானிப்பாளரால் ஒரே முறையில் எடுக்கப்பட்டன” என்று எழுதியிருக்கிறேன். அப்படித்தானே? ஓம் என்று ஒரு வரி எழுதுங்கள். நன்றியில் உங்கள் பெயரைப் போடுகிறேன்.

பீற்றிஸ்


கல்லடி
29.12.1966

அன்பு மகளுக்கு,

நத்தார் வாழ்த்து பிந்திச் சொல்கிறேன். மழை விடவில்லை. உன் அப்பா வந்து பலகாரம் கொண்டுபோனார். உன்னைப் பற்றிக் கேட்டார், கோபமில்லை.

நீ எழுதியதை நாலு முறை வாசித்தேன். சந்திரன் வாவிக்குள் கைவிடுகிறது என்ற இடத்தில் நிறுத்தி வெளியே போய் நின்றேன். மேகம் மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் பெரிதாக இருந்தது. நான் எழுதிய மூன்றும் பதினேழும் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு கிடந்தன என்று நினைக்க எனக்குப் பயமாகக்கூட இருக்கிறது.

நன்றியில் என் பெயர் வேண்டாம். நான் என்ன பெரிதாகச் செய்தேன்? தோணியில் இருந்தேன், அவ்வளவுதான். உன் பெயர் மட்டும் இருந்தால் போதும்.

நேரம் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும்.

மாமி


பேராதனை
11.1.1967

அன்புள்ள மாமி,

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். நான் கேட்ட ஒரு வரியை நீங்கள் எழுதவில்லை. நத்தார் அவசரம் என்று எடுத்துக்கொண்டு அந்த வசனத்தை அப்படியே விட்டேன்.

பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன்? என்னோடு சேர்ந்து உங்கள் பெயர் அச்சில் வர விருப்பமில்லையா? கோயிலுக்குப் போகாத பிள்ளையின் கட்டுரையில் உங்கள் பெயர் எதற்கு என்றா? நேராகச் சொல்லியிருக்கலாம்.

வல்லிபுரம் சேர் ஏற்றுக்கொண்டார். மற்ற இரண்டு பேரும் இருபதாம் தேதிக்குள் சொல்வார்கள். சஞ்சிகையின் ஆசிரியர் தங்கராசா எங்கள் வகுப்புத்தான். சந்திரன் கட்டுரையை முதலாவதாகப் போடப் போகிறேன் என்று சாப்பாட்டறையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். பெப்ரவரி கடைசியில் சங்கக் கூட்டத்தில் நான் எழும்பி நின்று வாசிக்க வேண்டும். அதற்கு ஜனவரிக் கணக்கும் வேண்டும். மாதம் முடிந்தவுடன் அனுப்புங்கள்.

பீற்றிஸ்


கல்லடி
1.2.1967

அன்பு மகள் பீற்றிஸுக்கு,

இந்தக் கடிதத்தை வாசிக்குமுன் உட்கார்ந்துகொள்.

நேற்று முன்தினம் உனக்காக ஜனவரிக் கணக்கைப் பிரதிபண்ணினேன். என் மேசைக்கு மேலே இரண்டு கலண்டர் தொங்குகின்றன. பள்ளிக்கூடத்துக் கலண்டரில் போயா சிவப்பு. திருச்சபைக் கலண்டரில் ஞாயிறு சிவப்பு. உன் தென்னைகளைக் காண எனக்கும் ஆசை, ஒவ்வொன்றாகப் போயாவோடு வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் இரண்டு நாள் பிசகியது. அடுத்ததும் இரண்டு. மூன்றாவது மூன்று நாள். நாலாவது நாலு நாள். போயா விலகிப் போய்க்கொண்டிருந்தது. உப்பு மட்டும் தன் நாளை விடவில்லை. ஜனவரி ஒன்று, எட்டு, பதினைந்து, இருபத்திரண்டு, இருபத்தொன்பது.

மற்றக் கலண்டரைப் பார்த்தேன். ஐந்தும் சிவப்பு.

நவம்பரிலும் டிசம்பரிலும் ஞாயிறும் போயாவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்திருக்கின்றன மகள். அதனால் உனக்குத் தெரியவில்லை. உன் விடுதிச் சுவரில் ஞாயிறு என்று ஒன்று இல்லை. என்னுடைய சுவரில் இருந்தது. எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் சந்திரனுக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீரை நான் எடுக்கவில்லை.

ஆராதனை ஆறு மணிக்கு. தண்ணீர் ஆறரைக்கு. உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே ஹமீட் காக்காவிடம் ஒரு போத்தலைக் கொடுத்து, ஞாயிறு மட்டும் நிரப்பி என் முன்விறாந்தையில் வையுங்கள் என்று கேட்டுவிட்டேன். திங்கட்கிழமை குழாயை இறக்கி அளந்து ஞாயிறின் நேரே எழுதிவிடுவேன். “நீங்களாகவே” என்று நீ எழுதியிருந்ததை வாசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வாசித்தேன். உனக்கு எழுதினால் கோயிலா ஆய்வா என்று கேட்பாய். கேட்டால் நான் என்ன சொல்லுவேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொண்டேன். நத்தாருக்கு நீ ஒரு வரி கேட்டபோதும் அதைத்தான் செய்தேன்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்தார். மனைவி ஸஹீதா தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

“காக்கா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே தண்ணீர் எடுக்கிற?”

“கம்படியிலதான். வேற எங்க?”

“நான் எடுக்கிற மாதிரித்தானே?”

“சீ, இல்ல ரீச்சர்.” ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க மேலால அள்ளிறீங்க. நான் அடியில எடுக்கிறன்.”

“அடியிலயா?”

“புள்ள படிக்கிறது மட்டியப் பத்தி எண்டு நீங்கதானே சொன்னீங்க. மட்டி எங்க கிடக்கு? அடியில. மேல் தண்ணியால மட்டிக்கு என்ன வேல? மழத் தண்ணியக் கொண்டு போய்க் குடுத்து அந்தப் புள்ளய ஏன் ஏமாத்துவான் எண்டு நான் ஒழுங்கா எடுத்துத் தந்தன்.”

“இதை ஏன் காக்கா மூன்று மாதமாக எனக்குச் சொல்லவில்லை?”

“கேட்டீங்களா?”

ஸஹீதா சிரித்தாள். “இவருக்கிட்ட கேக்காம ஒரு சொல்லும் வராது ரீச்சர். கேட்டா நிப்பாட்ட ஏலாது.”

அவர் எடுக்கும் விதத்தைக் காட்டச் சொன்னேன். அவருடைய பழைய மருந்துப் போத்தல். கழுத்தில் கல் கட்டிய கயிறு. வாயில் தக்கை, தக்கைக்குத் தனியாக ஒரு நூல். மூடிய போத்தல் அடிக்குப் போனதும் நூலைச் சுண்டுகிறார். தக்கை கழன்று குமிழி வருகிறது. குமிழி நின்றதும் தூக்கி, நான் கொடுத்த போத்தலுக்குள் ஊற்றுகிறார். மட்டி அள்ளுகிறவர்கள் முழுகுமுன் அடித்தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார்களாம். உப்பென்றால் உயிர் மட்டி, சப்பென்றால் வெறும் ஓடு. இவ்வளவு காலமும் அதற்காகத்தான் அந்தப் போத்தல்.

இன்று காலை அவரோடு போய் இரண்டையும் எடுத்தேன். மேலே மூன்று. அடியில் பத்தொன்பது. ஒரே இடம், ஒரே நிமிடம். என்னால் நம்ப முடியவில்லை. அவர் செய்வதுபோல விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். மேல்தண்ணீர் மழைபோல இருந்தது. அடித்தண்ணீர் கடல்.

பீற்றிஸ், இந்தக் கரையில் பிறந்து நாற்பத்துமூன்று வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெள்ளம் வந்து கடலைத் துரத்திவிடுகிறது என்று நினைத்தேன். துரத்தவில்லை. கடல் அப்படியே கீழே படுத்திருக்கிறது, வெள்ளம் அதன்மேல் ஓசையில்லாமல் போர்த்துக்கொண்டு போகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வாவி. தோணியில் நான் அசையாமல் இருந்தேன். அசைந்தால் கலங்கிவிடும் என்று நினைத்தேன் போல.

உன் மட்டிகள் வாயை மூடிக்கொண்டு சந்திரனுக்குக் காத்திருக்கவில்லை. அவற்றுக்கு வெள்ளம் வந்ததே தெரியாது.

உன் கட்டுரை பிழை. அது பிழையானதற்கு நான்தான் காரணம். என்ன செய்ய வேண்டும் என்று நீ முடிவெடு.

மாமி


பேராதனை
5.2.1967

மாமி,

கட்டுரையை மூன்று பேரும் ஏற்று இரண்டு வாரம். அச்சகத்தில் எழுத்துக் கோத்தாகிவிட்டது. “ஒரே அவதானிப்பாளர்.” நான் பொய்க்காரி ஆகிவிட்டேன், எனக்கே தெரியாமல்.

ஒரு வரி. ஒரே ஒரு வரிதான் உங்களிடம் கேட்டேன்.

இனித் தண்ணீர் எடுக்க வேண்டாம். குழாயைத் திருப்பி அனுப்புங்கள்.

பீற்றிஸ்


கல்லடி
16.2.1967

பீற்றிஸுக்கு,

குழாயை அனுப்பவில்லை. கோபித்துக்கொள், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். மன்னிப்பு எனக்கு வேண்டியது, உனக்கு வேண்டியது அதுவல்ல. ஆகவே இதோடு பதினாலு நாள் கணக்கை வைத்திருக்கிறேன். கயிற்றில் அரைப் பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்.) மேலே, அரை, ஒன்று, ஒன்றரை, அடி. பத்தாம் தேதியை மட்டும் இங்கே எழுதுகிறேன், வாசித்துப் பார். மேலே மூன்று. அரைப் பாகத்தில் மூன்று. ஒரு பாகத்தில் நாலு. ஒன்றரையில் பதினெட்டு. அடியில் பத்தொன்பது.

நாலுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பொறுக்க முடியாமல் ஒரு சாணுக்கு ஒரு சாண் எடுத்தோம். ஏழு, பத்து என்று படிப்படியாக ஏறும் என்று நினைத்தேன். இல்லை. ஒரே ஒரு சாணுக்குள் மாறிவிடுகிறது. தண்ணீருக்குள் ஒரு தரை இருக்கிறது. கையால் தொட முடியாது, கண்ணுக்குத் தெரியாது, குழாய் மட்டும் அதைக் காண்கிறது. “மேல் வீடு, கீழ் வீடு” என்கிறார் ஹமீட் காக்கா.

நோட்டில் புதிதாக ஒரு நிரல் போட்டிருக்கிறேன்: எடுத்தவர். மற்ற நாளெல்லாம் என் பெயர். ஞாயிறில் அவருடைய பெயர். நான் ஞாயிறு ஆராதனையை விடவில்லை, விடவும் மாட்டேன். மறைக்க மட்டும் மாட்டேன்.

ஞானமலர் மாமி


பேராதனை
20.3.1967

அன்புள்ள மாமி,

இதை எழுத ஒரு மாதம் எடுத்தது. முதலில், அந்தப் பொல்லாத கடிதத்தை எரித்துவிடுங்கள்.

உங்கள் இரண்டு கடிதத்தையும் வல்லிபுரம் சேரிடம் கொண்டுபோனேன். நீட்டினேன். முதலாவதை இரண்டு முறை வாசித்தார். “ஆர் இதை எழுதினது?” என்றார். என் மாமி, கணக்கு ரீச்சர் என்றேன். “உங்களை விட நல்லாக் கவனிக்கிறா” என்றார். பிறகு மேசையில் தட்டி, “அந்த அரைச் சந்திரன்! எனக்குப் பிழையாத் தெரிஞ்சுது, விட்டுட்டன்” என்று தன்னைத்தானே ஏசினார்.

கட்டுரையை நானாகவே திரும்பப் பெற்றேன். தங்கராசா தலையில் கைவைத்தான். எட்டுப் பக்க எழுத்தைக் கலைக்க வேண்டும். “பேசாம விடு பீற்றிஸ், மட்டக்களப்புக்குப் போய் ஆர் அளந்து பாக்கப் போறான்?” என்றான். அதைக் கேட்டபோதுதான் மாமி எனக்கு உறைத்தது. நீங்கள் அளந்து பார்த்தீர்கள். பார்க்காமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது.

சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, சந்திரனைப் பற்றி நான் சொன்னது பிழை என்று சொன்னேன். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். கட்டுரையை ஏற்ற மூன்று விரிவுரையாளரில் மூத்தவர், ஆங்கிலத்திலேயே பேசுகிறவர், அப்படியானால் ஞாயிறுகளில் நீ உண்மையில் எதை அளந்தாய் என்று கேட்டார். உங்கள் பதினாலு நாள் கணக்கை வரைந்து கொண்டுபோயிருந்தேன். விரித்தேன். சந்திரன் என்று சொன்னபோது எல்லாரும் இருந்த இடத்தில் இருந்து தலையாட்டினார்கள். இதைப் பார்க்க எழும்பி வந்தார்கள். மேசையைச் சுற்றி நின்று, அந்த ஒரு சாண் இடத்தில் விரலை வைத்து வைத்துப் பார்த்தார்கள்.

ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிச் சாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் தாள் மிதக்கவிட்டு, தாளின்மேல் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றினேன். கலக்கவில்லை. அடியில் மூன்று மட்டி. ஒன்பதாம் நாள் சாக வேண்டியவை. இன்று பதினெட்டாம் நாள். வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடக்கின்றன. மேலே மழை, கீழே கடல். நான் வகுப்புக்குப் போகாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் புதிய கட்டுரை கொடுக்கலாம் என்கிறார்கள். சஞ்சிகை வருடக் கடைசியில் வரும். உங்கள் இருவரின் பெயரையும் என் பெயரோடு போடக் கேட்டேன். மாணவர் பெயர் மட்டும்தான் போடலாம் என்பது விதி. பரவாயில்லை, உள்ளே எழுத எனக்குத் தடையில்லை. ஹமீட் காக்காவின் போத்தலைப் படம் வரைந்து காட்டினேன். சேர் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஐரோப்பாவில் கடல் ஆராய்கிறவர்களின் போத்தல், தக்கையும் நூலும் கல்லும் அதேதான்.

ஏப்ரலில் வருகிறேன். ஞாயிறு வந்தால் நீங்கள் கோயிலுக்குப் போங்கள். நான் காக்காவோடு தோணியில் போகிறேன். பெயரை எழுதிவிடுங்கள்.

உங்கள் பீற்றிஸ்


கல்லடி
18.12.1967

அன்பு மகள் பீற்றிஸுக்கு,

சஞ்சிகை சனிக்கிழமை வந்தது. உறையை வெட்டாமல் நீராவியில் பிரித்தேன், ஏனென்று தெரியவில்லை. உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தேன். கறுப்பு மை, சின்ன எழுத்து. அப்பாவுக்குக் காட்டினேன். ஆராய்ச்சி உதவியாளர் என்றால் பென்சன் உண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் தன்னோடு கொண்டுபோகப் பார்த்தார். விடவில்லை.

நேற்றுப் பின்னேரம் ஹமீட் காக்கா வீட்டு முற்றத்தில் இருந்து அவருக்கும் ஸஹீதாவுக்கும் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். “ஞாயிற்றுக்கிழமை மாதிரிகளை மட்டி அள்ளும் தொழிலாளரான ஏ. எல். ஹமீட், தமது சொந்த எண்ணத்தின்படி, அடியிலிருந்து எடுத்தார்” என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார்.

“சொந்த எண்ணம் எண்டா போட்டிரிக்கி?”

“ஓம்.”

“இங்கிலீசிலயா?”

“ஓம் காக்கா.”

ஸஹீதா, “இனி வீட்டில ஒரு கத கதைக்க ஏலாது” என்றாள்.

நீ உன் முதல் பிழையையும், என் ஞாயிறையும், போயாவையும் ஒன்றும் விடாமல் ஒரு முழுப் பத்தியாக எழுதியிருப்பதையும் வாசித்தேன். அதை அவர் அவ்வளவு கவனிக்கவில்லை. வேறு ஒன்றில் நின்றார்.

“ஆழம் எத்தின எண்டு போட்டிரிக்கி?”

“ஆகக்கூடிய ஆழம் இரண்டு பாகம்.”

“பிழ.”

“நாங்கள்தானே காக்கா அளந்தோம்?”

“கம்படியில ரெண்டு. அது சரி. வாவிக்கெல்லாம் சேத்து ரெண்டு எண்டு ஆர் சொன்ன? கம்புக்குத் தெக்கால கொஞ்சம் தள்ளிப் போனா ஒரு பள்ளம். மறுகா, மாசிக் காத்தோட கீழ் உப்பும் கலஞ்சு போயிரும் எண்டு போட்டிரிக்கி. அதுகும் பிழ. பள்ளத்துக்க ஒரு நாளும் போகாது. அங்க காத்தும் இல்ல, வெள்ளமும் இல்ல.”

“ஏன் இதை—” என்று தொடங்கினேன். அவர் வாயைத் திறக்குமுன் நானே நிறுத்திக்கொண்டேன். நான் கேட்கவில்லை.

இன்று காலை போனோம். வெள்ளம் வந்து மூன்று வாரம், மேலே இரண்டுதான் காட்டியது. மூன்று பாகக் கயிறு கட்டிக்கொண்டு போயிருந்தேன், போதும் என்று நினைத்து. தோணியை அவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே தண்ணீர் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்று பாகத்தில் எடுத்த தண்ணீர் இருபத்துநாலு. நம்முடைய கீழ் வீட்டை விட அதிகம். அது போன வருடத்துக் கடலா, அதற்கும் முந்தியதா, எப்போது வந்து அங்கே தங்கியது என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே அச்சில் வந்து இரண்டாம் நாளே உன் கட்டுரைக்கு ஒரு திருத்தம் இருக்கிறது மகள். சொன்னவர் ஏ. எல். ஹமீட். எடுத்தவர்கள் இருவரும். அன்றைக்கன்றே எழுதுகிறேன், பள்ளிக்கூட மணி அடிக்குமுன் தபாலில் போட வேண்டும்.

கல்லை மறுபடி இறக்கி, கயிற்றின் நுனி என் விரலுக்கு வந்த பிறகும் நான் விடவில்லை. தோணி விளிம்பில் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டேன், முழங்கை வரைக்கும், பிறகு தோள் வரைக்கும். காக்கா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “ரீச்சர், ரீச்சர்” என்றார். கல் இன்னும் தரையைத் தொடவில்லை.

உன் மாமி,
ஞானமலர்